ராலேயில் பனி விழ என்ன வேண்டும்?

மிச்சிகனிலோ பஃபலோவிலோ பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டு வட கரோலினாவின் ராலே பக்கம் குடிவருகிறவர்கள் முதலில் நிம்மதிப் பெருமூச்சுதான் விடுவார்கள். இனி விடியற்காலையில் எழுந்து மண்வாரியால் பனி தள்ள வேண்டாம், காரின் கண்ணாடியைச் சுரண்ட வேண்டாம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பேச்சு மெல்ல மாறும். நான்கு மாதம் கொட்டித் தீர்க்க வேண்டாம். வருஷத்தில் ஒரே ஒரு நாள், பைன் மரங்கள் வெளுக்கிற அளவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிற அளவுக்கு விழுந்தால் போதும் என்பார்கள். கேரி, மோரிஸ்வில் வட்டாரத்தில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இதே ஆசைதான். வடக்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் “அப்பா, இங்க ஸ்னோ வருமாப்பா?” என்று கேட்டால், அப்பாக்கள் கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்து பார்க்கிறார்கள்.

செயலி ஒரு வெப்பநிலையையும் ஒரு சதவீதத்தையும் காட்டும். அந்தக் கேள்விக்கு அது போதாது. தென்கிழக்கு அமெரிக்காவில் பனி விழுமா என்பதைத் தரையில் அடிக்கும் குளிர் தீர்மானிப்பதில்லை. தலைக்கு மேலே இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரம்வரை காற்று எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, அந்தக் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பவையே தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் பார்க்கத் தெரிந்துகொண்டால், எப்போது நம்பலாம், எப்போது வீணாகக் காத்திருக்க வேண்டாம் என்பது ஓரளவு பிடிபடும்.

முதலில் அளவுகள். பஃபலோவில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 90 அங்குலத்துக்கு மேல் பனி விழுகிறது. ராலேயில் சுமார் 5 அங்குலம். அட்லாண்டாவில் 2 அங்குலத்தைச் சற்றே தாண்டும். ஆனால் தெற்கில் சராசரி என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 24, 25 தேதிகளில் ராலே விமான நிலையத்தில் 20.3 அங்குலம் விழுந்தது. ஏறக்குறைய நான்கு வருஷத்துப் பனி ஒரே புயலில்! அப்படிப்பட்ட ஒரு நாள் பல வெற்றுக் குளிர்காலங்களைச் சராசரிக்குள் மறைத்துவிடும். வருஷத்துக்கு 5 அங்குலம் என்று படித்துவிட்டு வந்தவர், தன் முதல் குளிர்காலத்தில் ஒரு துகள்கூடப் பார்க்காமல் போனால் அதில் ஆச்சரியமே இல்லை.

குளிருக்கு அங்கே பஞ்சமில்லை. ராலேயில் ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்கினால் −8, −10 என்றுகூடப் போகும். அந்த நாட்களில் வானத்தைப் பாருங்கள். துடைத்துவிட்ட நீலம். வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று அப்பலாச்சிய மலைத்தொடரைக் கடந்து இந்தப் பக்கம் சரிந்து இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும், மேலும் வறளும். மேகம் உருவாக அங்கே வழியில்லை. கடுங்குளிர் வந்துவிட்டது, பனி எங்கே என்று கேட்கிறவருக்கு இதுதான் பதில்: குளிரைக் கொண்டுவந்த அதே காற்றுதான் ஈரத்தைத் துரத்திவிட்டது.

ஈரம் தெற்கிலிருந்து வர வேண்டும். மெக்சிகோ வளைகுடாவின் நீர் ஜனவரியிலும் பல இடங்களில் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே உருவாகும் குறைந்த காற்றழுத்தம் அந்த நீரிலிருந்து ஆவியை அள்ளிக்கொண்டு வடகிழக்கே நகரும். ஈரத்தோடு கூடவே வெதுவெதுப்பும் வந்துவிடுகிறது. புயலின் மையம் மலைகளுக்கு மேற்கே, டென்னசி வழியாகப் போனால், கிழக்குப் பக்கம் முழுவதும் தெற்குக் காற்று வீசி வெறும் மழைதான் பெய்யும். மையம் கடலில் வெகுதூரம் தள்ளிப் போனால் குளிர் இருக்கும், மழையே இருக்காது. வளைகுடாக் கரையை ஒட்டி வந்து, ஜார்ஜியாவைச் சுற்றி, வட கரோலினாக் கரையின் ஹாட்டரஸ் முனைக்கு அருகே கடலோரமாகப் போகும் பாதைதான் பெரும்பாலும் ராலேக்குப் பனி தரும். கிழக்குக் கடற்கரையின் குளிர்காலப் புயல்களை ஜே. இ. மில்லர் 1946-இல் ஏ, பி என இரு வகையாகப் பிரித்தார். வளைகுடாவில் பிறந்து கரையோரமாக ஒரே மூச்சில் வரும் இந்தப் புயல்கள் ஏ வகை. தெற்கில் பனிக்காகக் காத்திருக்கும் ஆர்வலர்கள் இன்றும் ‘மில்லர் ஏ’ என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பாதை சரியாக அமைந்தாலும், ஈரத்தோடு வரும் சூட்டை யார் தடுப்பது? அந்த வேலையை மலைகள் செய்கின்றன.

நியூ யார்க், நியூ இங்கிலாந்து பகுதியின் மேல் ஒரு வலுவான உயர் காற்றழுத்தம் வந்து அமர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து புறப்படும் குளிர்ந்த, வறண்ட, கனமான காற்று தெற்கு நோக்கி வடியும். மேற்கே அப்பலாச்சியம் நிற்கிறது. அதன் உச்சியான மிச்செல் சிகரம் 2,037 மீட்டர். தரையோடு ஒட்டிய கனத்த காற்றுக்கு அந்தச் சரிவில் ஏறிக் கடக்கத் தெம்பு கிடையாது. மலையடிவாரத்தில் தேங்கி, வர்ஜீனியா, கரோலினாக்கள், ஜார்ஜியா என்று அடிவாரத்தை ஒட்டியே வழிகிறது. காற்றழுத்த வரைபடத்தில் சமஅழுத்தக் கோடுகள் அந்த இடத்தில் ஓர் ஆப்பு வடிவில் தெற்கே நீண்டிருக்கும். அதனால் உள்ளூர் வானிலையாளர்கள் இதை ‘வெட்ஜ்’ என்றே சொல்கிறார்கள். வெட்ஜ் பிடித்திருக்கும் நாளில் கடற்கரையில் இதமாக இருக்கும். இரண்டு, மூன்று மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் ராலேயும் கிரீன்ஸ்பரோவும் உறைநிலையில் நடுங்கும்.

பனியை விரும்புகிறவருக்கு நம்பிக்கை தருவதும், கடைசி நேரத்தில் ஏமாற்றுவதும் இந்த வெட்ஜ்தான். ஏனெனில் அது ஆழமற்றது. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே வளைகுடாக் காற்று தங்கு தடையில்லாமல் ஏறிச் செல்லும். ஆக, ஒரு பனித்துகள் தரைக்கு வரும் வழியில் குளிர், சூடு, மறுபடி குளிர் என மூன்று அடுக்குகளைக் கடந்தாக வேண்டும். உயரே, மேகத்துக்குள், அது ஒழுங்காகவே பிறக்கிறது. −12 முதல் −18 டிகிரிக்குள் இருக்கும் ஈரமான மேகத்தில்தான் ஆறு கிளைகள் விரிந்த அழகான படிகங்கள் வளரும். −5 டிகிரியை ஒட்டினால் ஊசிகளும் தூண்களுமாக வளரும். எந்த வெப்பநிலையில் எந்த வடிவம் என்பதை ஜப்பானிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயா ஹொக்காய்டோவில் பொறுமையாகக் கண்டறிந்தார். ஆய்வகத்தில் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை அவர் 1936-இல் ஒரு முயல் மயிரின் நுனியில் வளர்த்துக் காட்டினார்.

அப்படிப் பிறந்த படிகம் நடுவிலிருக்கும் சூடான அடுக்கில் நுழைகிறது. அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குள் இருந்தால் படிகம் அவ்வளவாக உருகாது. பனியாகவே தரைக்கு வந்துவிடும். 1-க்கும் 3-க்கும் நடுவே இருந்தால் அரைகுறையாக உருகி, கீழே உள்ள குளிரில் மறுபடி உறைந்து, கண்ணாடி மணிகளாக விழும். இதுதான் ஸ்லீட். 3 டிகிரியைத் தாண்டிவிட்டால் முழுத்துளியாக உருகிவிடும். கீழே இருக்கும் குளிர் அடுக்கு அதை மறுபடி உறைய வைக்கும் அளவுக்கு ஆழமாக இல்லையென்றால், உறைநிலைக்குக் கீழே போன நீர்த்துளியாகவே வந்து, எதைத் தொடுகிறதோ அதன்மேல் உறையும். இது உறைமழை. மரக்கிளை, மின்கம்பி, படிக்கட்டு எல்லாவற்றின்மேலும் பனிக்கட்டி பூசிவிடும். 2002 டிசம்பர் தொடக்கத்தில் கரோலினாக்களில் இப்படிப் பெய்த உறைமழையில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பல வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. ராலேயில் பனிக்காக ஆசைப்படுகிறவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு டிகிரி மாறினால், குழந்தைகள் விளையாடும் நாள், முறிந்த மரங்களை அப்புறப்படுத்தும் நாளாகிவிடும்.

இந்த மாற்றத்தை வீட்டுக்குள் இருந்தபடியே அறியலாம். பனி விழும்போது ஜன்னலில் சத்தமே வராது. படபடவென்று மெல்லிய தட்டல் கேட்க ஆரம்பித்தால் அது ஸ்லீட். மேலே சூடான அடுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வெளியே போய்க் கறுப்புக் கோட்டின் கையை நீட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். தெற்கில் விழும் பனி பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டிய காற்றைக் கடந்து வருவதால் படிகங்களின் ஓரம் ஈரமாகி, ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பெரிய பொதிகளாக விழும். கிட்டப் பார்த்தால் ஒரு பொதிக்குள் பல படிகங்களின் கிளைகள் சிக்கியிருக்கும். அந்தக் கிளைகள் மழுங்கி, நடுவே சொட்டுச் சொட்டாக நீர் தெரிய ஆரம்பித்தால், சூடு நெருங்குகிறது. ஸ்லீட் மணி கையில் ஒட்டாது, துள்ளி விழும். உறைமழைத் துளி விழுந்த இடத்திலேயே பரவி, கோட்டின் நூலிழை மேல் கெட்டியாகிவிடும். ஓரிரு கிலோமீட்டர் மேலே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாத நமக்கு, கோட்டின் கை ஒரு நல்ல கருவி.

அடுத்தது வறட்சி. இதைத் தெற்கே புதிதாகக் குடிவந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை. மதியம் 4 டிகிரி இருக்கிறது, மாலை மேகம் வருகிறது, ‘4 டிகிரியில் எங்கே பனி விழப் போகிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காற்றின் டியூ பாயின்ட் என்ன என்று பார்க்க வேண்டும். காற்றை எந்த வெப்பநிலைவரை குளிர்வித்தால் அதிலுள்ள ஆவி ஒடுங்கத் தொடங்குமோ அதுவே டியூ பாயின்ட். அது −10 என்று இருந்தால் காற்று கடும் வறட்சியில் இருக்கிறது என்று பொருள். மேலிருந்து விழும் முதல் பனித்துகள்களும் துளிகளும் அந்த வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானையின் வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர வைப்பது போல, விழும் துகள்கள் வானத்தின் கீழ்ப்பகுதியைக் குளிர வைக்கின்றன. இப்படி ஈரம் சேரச் சேரக் காற்று எவ்வளவு குளிர முடியுமோ அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். 4 டிகிரி வெப்பமும் −10 டியூ பாயின்ட்டும் உள்ள காற்றுக்கு அது ஏறத்தாழ −0.5 டிகிரி. ஆகவே 4 டிகிரியில் தொடங்கும் மாலை பனியில் முடியலாம். டியூ பாயின்ட் 2 டிகிரி என்று இருந்தால், அதே 4 டிகிரி காற்றில் ஈரத்துக்கு அதிக இடம் இல்லை. குளிர்வதற்கும் அவ்வளவாக வழியில்லை. மழைதான்.

இந்தக் குளிர்ச்சி நடக்கும் நேரம் பார்ப்பவருக்குப் பெரும் சோதனை. ரேடாரில் வீட்டின் மேலேயே பனி விழுவதாகக் காட்டும். வெளியே வந்தால் கார் நிறுத்துமிடம் காய்ந்து கிடக்கும். ஒரு மணி நேரம், சில சமயம் இரண்டு, மூன்று மணி நேரம் இப்படியே போகும். பலர் அலுத்துப்போய்த் தூங்கப் போய்விடுவார்கள். உண்மையில் அப்போதுதான் முக்கியமான வேலை நடந்துகொண்டிருக்கிறது. தரைக்கு வராத ஒவ்வொரு துகளும் பின்னால் வருகிற துகளுக்குப் பாதையைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது. வெப்பமானியைப் பார்த்தால் 4, 3, 2 என்று இறங்குவது தெரியும். எனக்கு இந்த நேரம் மிகவும் பிடித்தமானது. பனி விழுவதைவிட, அது தனக்கு வேண்டிய குளிரைத் தானே உண்டாக்கிக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

உருகுவதும் காற்றைக் குளிர்விக்கும். ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 5 மில்லிமீட்டர் நீர் அளவுக்குப் பனி விழுந்து முழுதாக உருகினால், அது ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள காற்றைச் சுமார் 1.3 டிகிரி குளிர வைத்துவிடும். அதனால்தான் அடைமழை போலக் கொட்டும் இடத்தில் மழை திடீரெனப் பனியாக மாறுகிறது. பக்கத்து ஊரில் தூறலாக விழும் இடத்தில் மழையாகவே நிற்கிறது. உறைமழையில் நடப்பது இதற்கு நேர் எதிர். துளி உறையும்போது அதே 334 கிலோஜூலை வெளியே விடுகிறது. தரையோரக் காற்று மெல்லச் சூடாகிறது. வடக்கிலிருந்து புது வறண்ட காற்று தொடர்ந்து வந்து சேராவிட்டால் உறைமழை தானாகவே சாதாரண மழையாகத் தணிந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கமான கணக்கைக் கணினி மாதிரிகள் எப்போதும் சரியாகப் போட்டுவிடுவதில்லை. 2000 ஜனவரிப் புயலே சாட்சி. ஜனவரி 24 பகல்வரை மாதிரிகள் புயல் கடலோடு போய்விடும் என்றே காட்டின. மறுநாள் விடிந்தபோது ராலே மக்கள் கதவைத் திறக்கவே சிரமப்பட்டார்கள். என்ன தவறியது என்பதை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். புயலின் தொடக்கத்திலேயே தென்கிழக்கு மாநிலங்களின் மேல் பெய்த மழையை மாதிரிகள் சரியாகப் பிடிக்கவில்லை. ஆவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றோட்டத்தையே மாற்றியமைத்து, கடலிலிருந்து ஈரத்தை உள்நாட்டுக்குள் இழுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் மாதிரி கவனிக்காமல் விட்ட மழைக்கு ராலேயில் 20 அங்குலப் பனி விடை.

இன்னும் தெற்கே போனால் கதை அரிதாகிறது, அதிசயமாகவும் ஆகிறது. 1977 ஜனவரி 19-இல் மயாமியில் பனித்துகள்கள் பறந்தன. 1989 கிறிஸ்துமஸுக்கு முன்பு, பனியை எதிர்பார்க்கவே தோன்றாத வட கரோலினாவின் கடலோர நகரமான வில்மிங்டனில் 15.3 அங்குலம் கொட்டியது; மேற்கே உள்நாட்டுக்குப் போகப் போக அது தேய்ந்துவிட்டது. 2025 ஜனவரி 21-இல் வளைகுடாக் கரையே வெளுத்தது. நியூ ஆர்லியன்ஸில் 8 அங்குலம், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் 8.9 அங்குலம். 1954-இல் மில்டனில் பதிவான 4 அங்குலம்தான் அதுவரை ஃபுளோரிடாவின் உச்சம். லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல்முறையாகப் பனிப்புயல் எச்சரிக்கை விடுத்தது. அன்று நடந்தது இவ்வளவுதான்: ஆர்க்டிக் குளிர் முந்தின நாளே வளைகுடாவரை இறங்கி ஆழமாகத் தங்கிவிட்டது, அது விலகுவதற்குள் வளைகுடாவில் ஒரு குறைந்த காற்றழுத்தம் ஈரத்தோடு நகர்ந்தது. குளிரும் ஈரமும் அபூர்வமாக ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

தெற்கின் பனியை வடக்கிலிருந்து வந்தவர்கள் சில சமயம் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2014 ஜனவரி 28-இல் அட்லாண்டாவில் விழுந்தது 2.6 அங்குலம்தான். ஆனால் குளிர் கடுமையாக இருந்தது. அலுவலகங்களும் பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டதால் நெடுஞ்சாலைகள் நிரம்பின. டயர்களுக்கு அடியில் நசுங்கிய பனி உருகி, கடுங்குளிரில் மறுபடி உறைந்து வழுக்குப் பாளமானது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்று இரவு பள்ளிகளிலேயே தங்கினார்கள். பலர் கார்களில் விடிய விடியக் காத்திருந்தார்கள். 60 அங்குலம் பார்த்தவர் என்பதால் 2 அங்குலத்தில் வண்டி ஓட்டிவிடலாம் என்று கிளம்பக் கூடாது. இங்கே பனியின் அடியில் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கிறது.

புவி சூடாகிவருவது இந்த ஆசையை நேரடியாகத் தொடுகிறது. மின்னசோட்டாவில் −12 டிகிரியில் விழும் பனி, ஒரு டிகிரி கூடினாலும் −11-இல் பனியாகவே விழும். ராலேயில் பனி விழுவதே 0-க்கு ஓரிரு டிகிரி இப்பக்கமும் அப்பக்கமுமாக. அதே ஒரு டிகிரி இங்கே பனியை மழையாக்கிவிடுகிறது. இந்த இழப்பு எனக்கு வருத்தம் தருகிறது. இங்கே வருஷத்துக்கு ஒரு நாள் கிடைப்பதே பெரிது. அது இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆனால், ஒரு குழந்தையின் பள்ளிப் பருவத்தில் எஞ்சுவது மிகக் கொஞ்சம். ஆனாலும் ஆர்க்டிக் குளிர் தெற்கே வழிவது நின்றுவிடவில்லை; 2025-இல் நியூ ஆர்லியன்ஸ் அதைப் பார்த்தது. எல் நினோ வருஷங்களில் தெற்குவழி மேற்காற்றோட்டம் வலுத்து வளைகுடாப் புயல்கள் அதிகமாக வரும். அதோடு ஆர்க்டிக் குளிரும் கீழே இறங்கினால் வாய்ப்பு கூடும். 2009–10 குளிர்காலம் அப்படித்தான் இருந்தது. பிப்ரவரியில் டல்லஸில்கூட 12 அங்குலத்துக்கு மேல் விழுந்தது.

ஆகவே ராலேயில் பனியை எதிர்பார்க்கிறவர் ஒரு வாரத்துக்கு முந்தைய முன்னறிவிப்புப் படங்களை நம்பி மனத்தை அலைபாய விட வேண்டாம். பாதை நூறு கிலோமீட்டர் விலகினாலும் எல்லாம் மாறிவிடும். மூன்று நாள் இருக்கும்போது நியூ யார்க், நியூ இங்கிலாந்து பக்கம் உயர் காற்றழுத்தம் இருக்கிறதா, அது அங்கேயே நிற்குமா அல்லது கடலுக்குள் நழுவிவிடுமா என்று பாருங்கள். நழுவினால் வெட்ஜுக்குப் புதுக் குளிர் கிடைக்காது. முந்தைய நாள் டியூ பாயின்ட்டைப் பாருங்கள். −8, −10 என்றிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். சாலைகளில் உப்புக்கரைசல் தெளித்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் போக்குவரத்துத் துறையும் அதே முடிவுக்கு வந்திருக்கிறது. கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்வதற்கு முன் வாங்கிவைத்துவிடுங்கள். உறைமழையாகிவிட்டால் மின்சாரம் இருக்காது என்பதால் டார்ச், பேட்டரி, போர்வை எடுத்துவையுங்கள். கிரீன்ஸ்பரோவிலிருந்து காலை 7 மணி வாக்கிலும் மாலை 7 மணி வாக்கிலும் வானிலை பலூன் மேலே போகிறது. அது அனுப்பும் வெப்பநிலை வரைபடம் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கும். தரையிலிருந்து மேலே போகும் அந்தக் கோடு, ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் 0-ஐத் தாண்டி வலப்புறம் எவ்வளவு துருத்துகிறது என்று பாருங்கள். துருத்தாமலே இருந்தாலோ, 1 டிகிரிக்குள் நின்றாலோ, பிள்ளைகளிடம் காலையில் பனி இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம்.